விண்ணப்பத்தில் பாதி பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ப்ளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதத்தில்தான் வெளிநாட்டுப் படிப்பு பற்றிய கட்டுரைகள் நாளிதழ்களில் வரிசைகட்டி வருகின்றன. அவற்றைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு பெற்றோர் பள்ளிக்கு வருகிறார்கள். "590 எடுத்திருக்கா சார், ஹார்வர்டுக்குப் போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்கிறார்கள். அந்த ஆண்டுக்கான கதவைச் சாத்தி நான்கைந்து மாதம் ஆகியிருக்கும். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் கடைசி நாள் முந்தைய அக்டோபர் 15. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதல் சுற்று பெரும்பாலும் நவம்பர் 1, அடுத்த சுற்று ஜனவரி முதல் வாரம். பிள்ளை பொதுத்தேர்வு எழுதி முடிக்கும் மார்ச் கடைசியில் அங்கே முடிவே சொல்லிவிடுகிறார்கள். மார்க் வந்தபின் விண்ணப்பம், அதன்பின் கலந்தாய்வு என்று பழகிய நமக்கு இந்த வரிசை தலைகீழாகத் தெரிகிறது. தகவல் இல்லாமல் இல்லை. அது வரவேண்டிய மாதத்தில் வருவதில்லை.

கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் மார்க்கிலோ ஆங்கிலத்திலோ தோற்பதைவிட அதிகமாக, பள்ளி அனுப்ப வேண்டிய தாள்களில்தான் தோற்கிறார்கள். அமெரிக்க விண்ணப்பத்தில் மாணவர் நிரப்புவது ஒரு பாதி. மறுபாதியைப் பள்ளி நேரடியாக அனுப்ப வேண்டும், மாணவர் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல், பள்ளியைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு, பள்ளி சார்பில் ஒரு பரிந்துரைக் கடிதம், பாட ஆசிரியர் இருவரின் பரிந்துரைகள், ஜனவரி பிப்ரவரியில் அரையாண்டு மதிப்பெண், மே ஜூனில் இறுதி மதிப்பெண் என்று ஆறேழு தாள் போகவேண்டும். வசதியான நகரப் பள்ளிகளில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஒருவர் இருக்கிறார். நம் பள்ளிகளில் அந்த வேலை தலைமையாசிரியர் தலையில்தான் விழும். அவருக்கோ, தன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

முதலில் மதிப்பெண் பட்டியல். பத்தாம் வகுப்புக்கு அரசின் சான்றிதழ் இருக்கிறது. ஒன்பதுக்கு இல்லை. பத்து முடித்துப் பள்ளி மாறியவர்கள் பழைய பள்ளிக்குப் போய், பதிவேட்டைப் பார்த்து எழுதி, அந்தத் தலைமையாசிரியரின் கையெழுத்தும் ரவுண்ட் சீலும் வாங்கி வரவேண்டும். டி.சி. வாங்கும் அன்றே இதையும் கேட்டு வாங்கிவிட்டால் அலைச்சல் மிச்சம். பதினொன்றாம் வகுப்புக்கு 2025-26 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு கிடையாது. எனவே ப்ளஸ் ஒன் மதிப்பெண்ணுக்குப் பள்ளியின் பதிவேடு ஒன்றுதான் ஆதாரம். ப்ளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாதமே ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிட்டு, ப்ளஸ் ஒன் மதிப்பெண்ணைப் பிறகு உட்கார்ந்து நிரப்பும் பழக்கம் சில பள்ளிகளில் உண்டு. மதிப்பெண்ணைப் பாடவாரியாக, பருவவாரியாகப் பார்த்துக் கேள்வி கேட்கிறவர்கள் முன்னால் அந்தப் பட்டியல் நிற்காது. பள்ளி மதிப்பெண்ணுக்கு அங்கே எடை அதிகம் என்பதால், ப்ளஸ் ஒன் வகுப்பை ஒழுங்காக நடத்தித் தேர்வு வைப்பதே இந்த விண்ணப்பத்துக்குப் பள்ளி செய்யும் முதல் உதவி.

பட்டியலில் 578/600 என்றால் 578/600 என்றே எழுதுங்கள். அதை நான்கு புள்ளிக்குக் கணக்கிடும் அமெரிக்க முறையில் 4.0 என்றோ 3.9 என்றோ மாற்றித் தரும் வேலையைக் கன்சல்டன்சிக்காரர்கள் ஆர்வமாகச் செய்கிறார்கள். வேண்டாம். நம் மதிப்பெண்ணை நம் முறையிலேயே படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இந்தியாவுக்கென்று இருக்கிறார்கள். மாற்றிய எண்ணும் மூலச் சான்றிதழும் உரசினால் சந்தேகம்தான் மிஞ்சும். ரேங்க் போடும் வழக்கம் பள்ளியில் இல்லையென்றால் இல்லை என்றே குறிக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் சீலும் வேண்டும். சீல் எண்களின் மேல் விழக் கூடாது. மொபைலில் எடுத்த சாய்ந்த படத்தை அனுப்பாமல் ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்குங்கள்.

பள்ளியைப் பற்றிய குறிப்பை அநேகமாக எந்தப் பள்ளியும் தயாரிப்பதில்லை. இதற்குக் கொஞ்சம் இடம் தர வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு இது இரட்டைப் பலன் தரும் தாள். அங்கே மாணவரை அளப்பது அவருடைய பள்ளியில் கிடைத்த வாய்ப்பை வைத்து. கிடைக்காததை எடுக்கவில்லை என்று யாரும் குறை சொல்வதில்லை, ஆனால் கிடைக்கவில்லை என்பதை யாராவது சொன்னால்தானே தெரியும்? பள்ளி எந்த ஊரில் இருக்கிறது, பிள்ளைகள் எந்தக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள், அரசுப் பள்ளியா உதவிபெறும் பள்ளியா, எந்த வாரியம், எந்த வழி, ப்ளஸ் டூவில் எத்தனை பேர், என்னென்ன பிரிவுகள் என்று தொடங்கலாம். ஆறு பாடம், பாடத்துக்கு 100, செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10, தேர்ச்சிக்கு 35 என்று மதிப்பெண் முறையை நாலே வரியில் சொல்லலாம். பிறகு சென்ற ஆண்டு 550-க்கு மேல் எத்தனை பேர், 500-க்கு மேல் எத்தனை பேர் என்ற கணக்கு. 580 என்பது அந்தப் பள்ளியில் எவ்வளவு அரிது என்பது இந்த இரண்டு எண்ணிலிருந்துதான் புரியும். மேற்படிப்புக்கு எத்தனை பேர் போனார்கள், எங்கே போனார்கள் என்பதோடு முடிக்கலாம். ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. ஒருமுறை எழுதிவிட்டால் ஆண்டுதோறும் எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் பாகூர், புதுச்சேரிப் பள்ளிகளுக்கு இந்தக் குறிப்பு இன்னும் அவசரம். புதுவை அரசுப் பள்ளிகள் 2023-24 தொடங்கி சி.பி.எஸ்.இ.க்கு மாறின. 2025-26இல் ப்ளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி பத்தாம் வகுப்பைத் தமிழ்நாடு பாடத்திட்டத்திலும் அடுத்த இரண்டை சி.பி.எஸ்.இ.யிலும் படித்திருப்பார். காரணம் எழுதாமல் இரண்டு வாரியத்துச் சான்றிதழ்களை அனுப்பினால், பிள்ளை பள்ளி மாறி மாறி ஓடியது போலத் தோன்றும். குறிப்பில் ஒரு வரி போட்டால் தீர்ந்தது.

அடுத்து மின்னஞ்சல். காமன் ஆப் என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளம். ஆகஸ்ட் 1 அன்று புதிய ஆண்டுக்குத் திறக்கும். ஒருவர் அதிகபட்சம் 20 கல்லூரிகளைச் சேர்க்கலாம். எம்.ஐ.டி. போன்ற சிலவற்றுக்குத் தனித் தளம். மாணவர் தலைமையாசிரியரின் மின்னஞ்சலைக் கொடுத்தவுடன் அவருக்கு ஓர் இணைப்பு போகும், பள்ளியின் தாள்கள் எல்லாம் அதன் வழியேதான் ஏறும். இங்கே நடப்பது என்னவென்றால், தலைமையாசிரியர் தன் சொந்த மின்னஞ்சலைக் கொடுக்கிறார். நடுவில் அவருக்கு மாறுதல் வந்துவிடுகிறது. புதிதாக வந்தவருக்கு அந்தக் கணக்கும் தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது. அரையாண்டு மதிப்பெண் அனுப்பாமலே நின்றுபோகிறது. பள்ளியின் பெயரில், ஆள் மாறினாலும் மாறாத ஒரு மின்னஞ்சலைத் தொடங்கி, கடவுச்சொல்லை அலுவலகப் பதிவேட்டில் எழுதி வைப்பதற்குப் பைசா செலவில்லை. இந்த மின்னஞ்சலைப் பிரவுசிங் சென்டர்காரரோ மாணவரின் அண்ணனோ இயக்கக் கூடாது. பள்ளி அனுப்பியதாகச் சொல்லப்படும் தாளை மாணவர் தரப்பே அனுப்பியது தெரிந்தால் அந்த விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. அடுத்த ஆண்டு அதே பள்ளியிலிருந்து போகும் பிள்ளையையும் அது பாதிக்கும்.

பரிந்துரைக் கடிதம் என்றதும் பல ஆசிரியர்கள் நன்னடத்தைச் சான்று எழுதிவிடுகிறார்கள். "இம்மாணவி எமது பள்ளியில் பயின்றவர், நன்னடத்தையும் ஒழுக்கமும் உடையவர், வாழ்வில் சிறக்க வாழ்த்துகிறேன்." இதைப் படிப்பவருக்குப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்கள் தேடுவது வகுப்பறையில் ஆசிரியர் கண்ணால் பார்த்ததை. இப்படி எழுதிப் பாருங்கள்: "வேதியியல் ஆய்வகத்தில், பருமனறி பகுப்பாய்வில் அளவு ஒத்துவராதபோது மற்றவர்கள் பக்கத்து மேசைக்காரரின் எண்ணை எழுதிக்கொண்டார்கள். இவள் மட்டும் 0.4 மி.லி. எங்கே போனது என்று தேடினாள். பியூரெட் முனையில் காற்றுக்குமிழ் இருந்ததைக் கண்டுபிடித்து, அதை நீக்கி, மறுபடி மூன்று முறை செய்தாள். அடுத்த வாரம் மற்ற பியூரெட்டுகளையும் சோதித்து எனக்குச் சொன்னாள்." நான்கு வாக்கியம். ஒரு பக்கப் புகழ்மாலையைவிட இதற்கு எடை அதிகம்.

கடிதத்தோடு ஒரு கட்டமும் வரும்: எழுத்துத் திறன், வகுப்பில் பேசுதல், தன்முனைப்பு என்று பதினைந்து தலைப்புகளில் மாணவரை மதிப்பிட வேண்டும். 'நான் பார்த்தவர்களிலேயே மிகச் சிலரில் ஒருவர்' என்ற கடைசிக் கட்டத்தை எல்லா வரிசையிலும் டிக் செய்தால் நம்பமாட்டார்கள். எது உண்மையோ அதை டிக் செய்யுங்கள். பார்க்காத பண்புக்கு 'சொல்ல இயலாது' என்ற கட்டமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் ஆசிரியர் தமிழிலேயே எழுதலாம். பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்துத் தன் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட, இரண்டையும் சேர்த்து ஏற்றலாம். மாணவரே எழுதிக்கொண்டு வந்து "சார், ஒரு கையெழுத்து" என்று நீட்டுவதைத்தான் ஏற்கக் கூடாது. கடிதத்தைப் பின்னாளில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக மாணவர் விண்ணப்பத்தில் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதை ஒப்புக்கொள்வதே நல்லது. மாணவர் பார்க்கப்போகும் கடிதத்துக்கு மதிப்பு குறைவு. கேட்பதையும் அக்டோபர் கடைசியில் கேட்கக் கூடாது. ஜூலையில் கேட்டால்தான் ஆசிரியர் யோசித்து எழுதுவார்.

பெயர்ச் சிக்கல் தமிழர்களுக்கே உரியது. வேறு மாநிலத்தவர் எழுதும் வழிகாட்டிகளில் இது இருக்காது. ஒரு பிள்ளையின் பெயர் மதிப்பெண் சான்றிதழில் 'கனிமொழி செ' என்று இருக்கும். ஆதாரில் 'கனிமொழி செல்வராசு'. அப்பாவின் வாக்காளர் அட்டையில் 'செல்வராஜ்'. ஆங்கிலத்தில் எழுதும்போது 'ழ'வுக்கு ஓரிடத்தில் இசட்-ஹெச், இன்னோரிடத்தில் வெறும் எல். விண்ணப்பத் தளமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. அவசரத்தில் அங்கே இனிஷியலை மட்டும் போடுகிறார்கள். எஸ்.ஏ.டி. என்னும் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் பதிவில் முழுப் பெயரைப் போடுகிறார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று கணினி சேர்க்காததால், வந்த மதிப்பெண் விண்ணப்பத்தோடு ஒட்டாமல் தனியே கிடக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டால் இன்னொரு தொல்லை: அமெரிக்க விசாவில் பிள்ளையின் பெயர் குடும்பப் பெயராக ஏறி, முதற்பெயர் இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்து விழும். பிறகு வங்கி, அடையாள அட்டை எல்லாவற்றிலும் அதுவே தொடரும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துகளை அடிப்படையாக வையுங்கள், ஏனென்றால் அதைத் திருத்துவதுதான் ஆகக் கடினம். அதில் உள்ள இனிஷியலை விரித்து, அப்பா அல்லது அம்மா பெயரைக் குடும்பப் பெயராக்கி, ப்ளஸ் ஒன் விடுமுறையிலேயே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். ஆதாரை அதற்கு ஒத்தபடி திருத்துங்கள். அதன்பின் எந்தத் தளத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. சான்றிதழில் இனிஷியலும் மற்றதில் முழுப் பெயரும் இருப்பதற்குத் தலைமையாசிரியர் 'இருவரும் ஒருவரே' என்று பள்ளித் தாளில் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அதை மதிப்பெண் பட்டியலோடு சேர்த்து ஏற்றலாம்.

எஸ்.ஏ.டி. தேர்வை எம்.ஐ.டி., ஹார்வர்டு, டார்ட்மத் போன்றவை மறுபடி கட்டாயமாக்கிவிட்டன. எனவே முன்னணி இடங்களைக் குறிவைப்பவர் எழுதித்தான் ஆகவேண்டும். 1600-க்கு, இரண்டு மணி 14 நிமிடம், முழுவதும் கணினியில். பாடம் நம் பிள்ளைகளுக்குப் பெரிய மலை இல்லை, கணக்குப் பகுதி பத்து, பதினொன்றாம் வகுப்பு அளவுதான். ஆங்கிலப் பத்திகளுக்குத்தான் ஆறு மாதம் தினமும் வாசிப்பு வேண்டும். தடுக்குவது மடிக்கணினியில். தேர்வுக்கான புளூபுக் செயலி பழைய விண்டோஸில் ஓடாது. வீட்டில் கிடக்கும் பழைய இலவச மடிக்கணினியை நம்பிப் போனவருக்கு மையத்தில் திரை திறக்காது. மொபைலில் எழுத முடியாது. கணினி இல்லாதவர் தேர்வுக்கு 30 நாள் முன்பே கேட்டால் நடத்துபவர்களே இரவல் தருகிறார்கள். இது தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். தேர்வுக்கு முந்தைய ஐந்து நாளில் செயலியைத் திறந்து தேர்வை இறக்கி அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டும். காலை எட்டு மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள், அதனால் சென்னை மையம் கிடைத்தவர்கள் முதல்நாள் இரவே போய்த் தங்குவது நல்லது. ப்ளஸ் டூ ஆகஸ்டுக்குள் முடித்துக்கொண்டால் அக்டோபரை மறுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தில் மாணவர் எழுதும் பகுதிக்கு வருவோம். முக்கியக் கட்டுரை 650 வார்த்தைக்குள். அதில் அப்துல் கலாமின் மேற்கோளோடு தொடங்காதீர்கள். கலாம் மீது எங்களுக்கும் பெருமதிப்பு உண்டு, ஆனால் நூற்றுக்கணக்கான இந்தியப் பிள்ளைகள் அதே வரியோடுதான் தொடங்குகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தரும் கட்டுரையும், கணினி எழுதித் தரும் கட்டுரையும் ஆசிரியர் கடிதத்தில் தெரியும் பிள்ளையோடு ஒட்டாது. பண்ருட்டிப் பலா மண்டியில் காயைத் தட்டிப் பார்த்துப் பழுத்தது எது என்று சொல்லும் பாட்டியிடம் ஒலியைப் பற்றிக் கேட்ட கேள்வி, என்.எல்.சி. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊரில் கிணற்று நீர்மட்டத்தை அளந்த நோட்டு என்று நம் மண்ணில் எழுத எவ்வளவோ கிடக்கிறது. தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் மறுபடி எழுதினால் குரல் தன்னுடையதாகவே இருக்கும்.

செயல்பாடுகளுக்குப் பத்து இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. நாற்பது சான்றிதழ்களை ஃபைலில் அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். அவற்றை ஏற்ற இடமே கிடையாது. அதேசமயம், உண்மையில் எடையுள்ளதை வீட்டு வேலை என்று விட்டுவிடுகிறார்கள். குடும்பப் பொறுப்பு, கூலி வேலை இரண்டும் அந்தப் பட்டியலில் தனித் தலைப்புகளாகவே இருக்கின்றன. தேவனாம்பட்டினத்தில் அப்பாவின் படகுக் கணக்கைப் பார்க்கும் பையன் இப்படி எழுதலாம்: "நால்வர் படகின் டீசல், ஐஸ், பங்குக் கணக்கு, விடிகாலை 4 மணி ஏலம், தங்கையைப் பள்ளியில் விடுதல். வாரம் 14 மணி, ஆண்டு முழுதும்." ஒருநாள் மரம் நட்ட முகாமைவிட இது எவ்வளவோ மேல்.

பணத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் வழி தவறுகின்றன. அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகத்தில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 90,000 டாலரைச் சுற்றி வரும். இதைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், போடின் ஆகியவை வெளிநாட்டு மாணவர் விஷயத்திலும், பணம் கேட்கிறாரா என்று பார்க்காமலே தேர்வு செய்கின்றன. தேர்வானபின் குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் அவையே ஏற்கின்றன. அங்கே நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்தாறு பேருக்குக்கூட இடம் கிடைக்காது என்பதும் உண்மை. மற்ற பெரும்பாலான இடங்களில் பணம் கேட்பதும் எடைபோடப்படும். அதற்குப் பயந்து 'உதவி வேண்டாம்' என்று டிக் செய்து, சேர்ந்தபின் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது பெரிய தவறு. வெளிநாட்டு மாணவர் முதலில் கேட்கவில்லையென்றால் நான்கு ஆண்டும் கேட்க முடியாத இடங்களே அதிகம். முன்கூட்டிய சுற்றில் சேர்க்கை கிடைத்தால் வந்தே தீருவேன் என்று ஒப்பந்தம் கேட்கும் வகை ஒன்று இருக்கிறது. கல்லூரியின் இணையதளத்தில் உள்ள செலவுக் கணிப்பானில் குடும்ப வருமானத்தைப் போட்டுப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பண உதவி கேட்பதற்கான சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற இணையப் படிவம் அக்டோபர் 1 அன்று திறக்கும், ரூபாயிலேயே நிரப்பலாம். ஃபார்ம் 16, வருமான வரித் தாக்கல், வங்கிக் கணக்கு, நிலம், நகைக் கடன் எல்லாம் கேட்பார்கள். விவசாயி, மீனவர், சிறு கடைக்காரர் வீடுகளில் வருமான வரித் தாள் இருக்காது. அதில் தவறில்லை. வருமானம் எங்கிருந்து எந்த மாதத்தில் வருகிறது, மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்கிறோம் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டால் ஏற்கிறார்கள். நலத்திட்டத்துக்காக 72,000 ரூபாய் என்று வாங்கி வைத்த வருமானச் சான்றை இங்கே இணைத்துவிட்டு, ஆண்டுச் செலவு மூன்று லட்சம் என்று நிரப்பினால், மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பதில் இல்லையென்றால் உதவி கிடைக்காது. உண்மையான தொகைக்குப் புதிய சான்று வாங்குங்கள். விண்ணப்பக் கட்டணம் முன்னணிக் கல்லூரிகளில் பெரும்பாலும் 75 முதல் 90 டாலர். கட்ட இயலாதவர்களுக்குத் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தால் பல கல்லூரிகள் விலக்கு தருகின்றன. கட்டுபவர்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முன்பே திறந்து வைக்கவேண்டும். கடைசி இரவில் கார்டு மறுக்கப்படுவது வழக்கமான காட்சி. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையை எதிர்பார்த்துச் சிலர் காத்திருக்கிறார்கள். அது முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான்.

பிரிட்டனுக்கு யூகாஸ் தளத்தில் ஒரே விண்ணப்பம், அதில் ஐந்து படிப்புகள் வரை குறிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் போடலாம். அக்டோபர் 15 என்றால் அங்கே மாலை 6 மணி, நமக்கு இரவு 10.30. அங்கே கட்டுரையில் சேரப்போகும் பாடத்தைப் பற்றித்தான் எழுதவேண்டும். 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள், மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்து. அமெரிக்கக் கட்டுரையை வெட்டி ஒட்டினால் எடுபடாது. ப்ளஸ் டூவில் என்ன வாங்குவார் என்ற உத்தேச மதிப்பெண்ணைப் பள்ளி தரவேண்டும். நம்மவர்கள் ஒன்று நூற்றுக்கு நூறு போடுகிறார்கள், அல்லது வம்பு வேண்டாமென்று குறைத்துப் போடுகிறார்கள். ப்ளஸ் ஒன் மதிப்பெண்ணையும் காலாண்டையும் வைத்துப் பாட ஆசிரியரே எழுதட்டும். பொறியியல், கணிதம், மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு, அதற்குத் தனியே பதிவு செய்யவேண்டும். யூகாஸ் அனுப்பினாலே பதிவானதாக நினைத்துவிட்டால் அந்த ஆண்டு போச்சு. கேம்பிரிட்ஜுக்கு யூகாஸ் முடிந்தபின் ஒரு வாரத்துக்குள் இன்னொரு படிவமும் நிரப்பவேண்டும். மாநில வாரிய மதிப்பெண்ணை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு மாதிரி பார்க்கிறது. அதன் இணையதளத்தில் இந்தியாவுக்கான பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஐந்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். முழு உதவித்தொகை மிகக் குறைவு. ஆக்ஸ்ஃபோர்டில் வெளிநாட்டவருக்குக் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 35,000 பவுண்டுக்கு மேல்.

ஜெர்மனி இலவசம் என்று கேள்விப்பட்டு வருகிறவர்களுக்குச் சுருக்கமாக: ப்ளஸ் டூ மட்டும் வைத்து நேரே சேர முடியாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்ச்சியோ, இங்கே ஓராண்டுப் பட்டப்படிப்போ, அங்கே ஓராண்டு ஆயத்தப் படிப்போ வேண்டும். 2022 நவம்பர் முதல், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றும் கட்டாயம்.

இவ்வளவையும் செய்து தர ஏஜென்ட் இருக்கிறாரே என்பார்கள். அவர்களுக்குக் கமிஷன் தரும் பல்கலைக்கழகங்கள் வேறு; மேலே சொன்னவை ஏஜென்ட் வழியாக ஆள் எடுப்பதில்லை. கமிஷன் இல்லாத இடத்தை அவர் பிள்ளையிடம் சொல்வதற்குக் காரணமும் இல்லை. அமெரிக்க அரசின் ஆதரவில் இயங்கும் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. சென்னையில் இலவசமாக ஆலோசனை தருகிறது. தலைமையாசிரியர்களும் அங்கே கேட்கலாம்.

நம் கடற்கரைக்கென்று இன்னொரு எச்சரிக்கை உண்டு. நவம்பர் 1, ஜனவரி 1 இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான் நம் புயல் காலம். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கடந்தது, தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளமும் வந்தது. மின்சாரமும் இணையமும் எப்போது திரும்பும் என்று தெரியாத நாட்கள் அவை. காமன் ஆப்பில் கடைசி நேரம் என்பது நம் நேரப்படி இரவு 11.59 என்பது உண்மைதான், ஆனால் அந்த இரவை நம்பியிருக்கக் கூடாது. பதினைந்து நாள் முன்பே அனுப்புங்கள், பள்ளித் தாள்களை அதற்கும் முன்பே. அனுப்பும்போது பணம் கட்டியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதன்பின் கையெழுத்துப் பக்கம் ஒன்று உண்டு, அதை முடித்தால்தான் விண்ணப்பம் போகும். சில நாளில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் தளத்துக்கு நுழைவுக் கணக்கு அனுப்பும். அது ஸ்பேம் பெட்டியில் விழுந்திருக்கலாம். எந்தத் தாள் வரவில்லை என்பதை அங்கேதான் காட்டுவார்கள். பிள்ளை வாரம் ஒருமுறை அதைப் பார்த்துத் தலைமையாசிரியரிடம் சொல்லவேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். மே மாதக் கட்டுரையை ஜூன் முதல் வாரத்துக்கு, பள்ளி திறக்கும் நாளுக்கு மாற்றுங்கள். அதைப் ப்ளஸ் ஒன் சேரும் பிள்ளைகளுக்காக எழுதுங்கள். தேதிகளை ஒரு கட்டத்தில் போட்டால் ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவைப்போம். மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் ஜூலையில் ஒரு சனிக்கிழமை அரைநாள் ஒதுக்கி, மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு முதுகலை ஆசிரியர் வீதம் அழைத்து, பள்ளிக் குறிப்பையும் மதிப்பெண் பட்டியலையும் அங்கேயே உட்கார்ந்து எழுதச் செய்தால், ஆகஸ்ட் 1 அன்று தளம் திறக்கும்போது பள்ளியின் பாதி தயாராக இருக்கும். அதற்கு வந்து உதவ நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.